பேனாக் கூட்டின் உச்சியில் ஒரு காம்பஸ்

1. வடக்கு திரும்பிய பிற்பகல்

ஐடியா வந்தபோது என் கையில் ட்ரோன் இல்லை. ஒரு பேக்கரியின் பழுதான இன்வர்ட்டர் இருந்தது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் பாஸ்கர் அண்ணாவின் இன்வர்ட்டர், பேட்டரி சர்வீஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தது. பெஞ்சின் மேல் காகிதம் பறக்காமலிருக்க அண்ணா ஒரு கண்ணாடி உருண்டையை வைத்திருப்பார். அவருடைய பழைய காரின் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த திசைகாட்டி அது. உள்ளே எண்ணெயில் ஒரு வட்டு மிதந்துகொண்டு எப்போதும் வடக்கைக் காட்டும்.

அன்றைக்கு பேக்கரி இன்வர்ட்டரை லோட் டெஸ்ட்டில் போட்டேன். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள் உருண்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. சுவிட்சைத் தட்டினேன், பல்புகள் எரிந்தன, உருண்டைக்குள் இருந்த வட்டு சட்டென்று கால்வாசி திரும்பியது. அணைத்தேன். பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி திரும்பியது.

"அண்ணா! இங்க வந்து பாருங்கண்ணா, வடக்கு திரும்புது!"

"வடக்கு திரும்பினா உலகம் அழிஞ்சிடும்மா. கேபிள தள்ளி வெச்சுட்டு வேலயப் பாரு. பேக்கரிக்காரன் நாலு தடவ போன் பண்ணியாச்சு."

கேபிளில் கரண்ட் போனால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடம்தான் என் ட்ரோனைத் தென்னை மரத்தில் மோதவைத்தது என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வாரமாக அதே தலைவலிதான். நானே கட்டிய சின்ன ட்ரோன், எல்லாம் சேர்த்து இருநூற்று ஐம்பது கிராமுக்குள். கையால் ஓட்டினால் ஒழுங்காகப் பறக்கும். "இங்கேயே நில்" என்று ஹோல்ட் சுவிட்சைப் போட்டால் மட்டும் நிற்காது. சின்ன வட்டம் போடும், பிறகு பெரிய வட்டம், பிறகு இன்னும் பெரியது. ட்ரோன்காரர்கள் இதை டாய்லெட் பவுல் என்பார்கள். ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் சுற்றுகிற மாதிரி.

காரணம் இதுதான். ட்ரோன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லும். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் காம்பஸ் சொல்லும். காம்பஸ் பொய் சொன்னால், "முன்னால் ஒரு அடி போ" என்று மூளை உத்தரவு போடும். ட்ரோன் பக்கவாட்டில் போகும். அதைத் திருத்த இன்னொரு உத்தரவு, அதுவும் கோணல். அந்தக் கோணல்கள் சேர்ந்துதான் வட்டம். அந்த மூளை இருக்கிற ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டிலேயே ஒரு குட்டிக் காம்பஸ் சிப் இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை கீழே பேட்டரி வயர். த்ராட்டில் ஏறி மோட்டார்கள் கரண்ட் இழுக்க இழுக்க, அதன் வடக்கு திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆக, காம்பஸை போர்டிலிருந்து வெளியே எடுத்து, வயர்களுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். பேக்கரி இன்வர்ட்டரை முடித்துக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே ஒரு வெளிக் காம்பஸுக்கு ஆர்டர் போட்டேன்.

2. யார் ஏறுவது

வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் மெதுவாகவே செய்திருப்பேன். எனக்கு அவசரம் இருந்தது. அந்த அவசரத்தின் பெயர் காளியப்பன் அண்ணன்.

என் அப்பா கூரை ஷீட் மேஸ்திரி. கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, ஃபேக்டரி ஷெட்டுகளுக்குச் சிமென்ட் ஷீட்டும் தகர ஷீட்டும் போடுகிற வேலை. அவர் குழுவில் கூரை மேல் நடப்பவர் காளியப்பன் அண்ணன். ஹனூர்ப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், ஐம்பது கிலோவைத் தாண்டாதவர். எடை குறைவு என்பதால்தான் அவர் ஏறுகிறார். பழைய சிமென்ட் ஷீட்டில் எது விரிசல், எது நல்லது என்று கீழேயிருந்து தெரியாது. ஒருவர் மேலே நடந்துபோய்ச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வரவேண்டும். பலகை போட்டு நடப்பதுதான் முறை. ஆனால் எது கெட்ட ஷீட் என்றே தெரியாதபோது பலகையை எங்கே ஊன்றுவது?

போன மழைக்காலத்தில் ஒரு ஷீட் அவர் காலுக்கடியில் உடைந்தது. வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. கீழே இருந்த இரும்புச் சட்டத்தில் இடுப்பு மாட்டிக்கொண்டதால் பிழைத்தார். முப்பதடி உயரம். ஒரு மாதம் கழித்து அதே காலோடு இன்னொரு கூரையில் ஏறினார். கேட்டதற்கு, "அடியில சட்டம் இருக்கற போல்ட்டு வரிசைல நடந்தா ஒண்ணும் ஆகாது கண்ணு. அன்னிக்கு ஒரு அடி தள்ளி வெச்சுட்டேன், அவ்வளவுதான்" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோல.

இந்த மே மாதம் நஞ்சன்கூட்டில் ஒரு அட்டைப்பெட்டி குடோனின் கூரை வேலை அப்பாவுக்கு வந்தது. பழைய சிமென்ட் ஷீட். மழைக்கு முன்னால் ஒழுகுகிற ஷீட்டுகளை மாற்றவேண்டும். கெட்டது எது என்ற பட்டியல் கொடுத்தால்தான் புது ஷீட் வரும். மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை கூரையைப் பார்ப்பதாக ஏற்பாடு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் ஆரம்பித்தேன்.

"அப்பா, இந்தத் தடவ காளியண்ணன் ஏற வேணாம். என் ட்ரோன் மேல போய்ப் படம் புடிச்சுட்டு வரும்."

"எது, அந்தத் தென்ன மரத்துல தொங்குச்சே, அதா?"

"அது பழைய காம்பஸ்ப்பா. புதுசு வருது."

"படம் புடிக்கோணும்னா ஒரே எடத்துல நிக்கோணும். உன்ற மிஷினு கள்ளு குடிச்ச மாதிரி சுத்துது."

"நிக்க வெக்கிறேன்."

அப்பா கை கழுவப் போனவர், திரும்பி வந்து சொன்னார். "சரி. ஞாயித்துக்கெழம பத்து மணி வரைக்கும் உனக்கு. பத்துக்கு மேல வெயில்ல ஷீட்டு சுடும், கால் வெக்க முடியாது. அதுக்குள்ள உன்ற மிஷினு காட்டலேன்னா காளி ஏறுவான். அப்பறம் என்னயக் கேக்கக்கூடாது."

ஆறு நாள் இருந்தது.

3. இரும்பு இல்லாமல் ஒரு கம்பம்

காம்பஸ் புதன்கிழமை வந்தது. ஜிபிஎஸ்ஸும் காம்பஸும் ஒன்றாகச் சேர்ந்த, பெரிய பட்டன் அளவுப் பெட்டி. அதை நிறுத்த ஒரு கம்பம் வேண்டும். லேசாக, உறுதியாக, முக்கியமாக இரும்பு இல்லாமல். ஒரு பால்பாயின்ட் பேனாவைப் பிரித்து, ரீஃபிலையும் ஸ்பிரிங்கையும் எடுத்துப் போட்டுவிட்டு, கூட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நைலான் ஸ்க்ரூவுக்காக மண்டி மொஹல்லா சந்தில் மூன்று ஹார்ட்வேர் கடை ஏறினேன். மூன்றாவது கடைக்காரர், "ஸ்டீல் குடுக்கறேன்மா, ஸ்ட்ராங்கா இருக்கும். பிளாஸ்டிக் ஏன்? ஆட்டிகே சாமானா?" என்றார். ஆட்டிகே என்றால் கன்னடத்தில் பொம்மை. "ஆமாங்க, பொம்மைதான்" என்று வாங்கிக்கொண்டேன். ட்ரோனுக்கு விளக்கம் சொல்லப்போனால் கடை மூடிவிடும்.

வயர் நான்கு. சிவப்பு, கறுப்பு இரண்டும் சப்ளை. மற்ற இரண்டும் காம்பஸ் பேசுவதற்கு. ஒன்று எஸ்டிஏ, ஒன்று எஸ்சிஎல். அவை இரண்டையும் மாற்றிச் சாலிடர் பண்ணிவிட்டு அரை மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சரிசெய்த பிறகு காம்பஸ் தெரிந்தது. ஆனால் போர்டில் இருந்த பழைய காம்பஸை ஃபர்ம்வேரில், அதாவது போர்டின் உள் மென்பொருளில், அணைக்க மறந்துவிட்டேன். மூளை இன்னமும் பழைய பொய்யனின் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தது. அதையும் அணைத்தேன்.

பிறகு காலிப்ரேஷன், அதாவது காம்பஸைச் சீர்படுத்துவது. ட்ரோனைக் கையில் பிடித்து எல்லாப் பக்கமும் உருட்டிக் காட்டவேண்டும். மொட்டைமாடியில் செய்தேன். எண்கள் ஒட்டவில்லை. காலுக்கடியில் கான்கிரீட், கான்கிரீட்டுக்குள் முழுக்கக் கம்பி. இரும்பு மெத்தையில் நின்றுகொண்டு வடக்கைத் தேடியிருக்கிறேன்.

வியாழன் மாலை சீக்கிரமே கடையிலிருந்து கிளம்பினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் யாரும் வீடு கட்டாத காலி மனைகள் இருக்கின்றன. புல்தரையில் காலிப்ரேஷன் ஒரே தடவையில் முடிந்தது. சரிபார்க்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. மூக்கைச் சாமுண்டி மலைக்கு நேராக வைப்பேன். எங்கள் இடத்திலிருந்து மலை தென்கிழக்கு. திரையில் நூற்று முப்பத்தைந்து டிகிரியை ஒட்டி வரவேண்டும். முந்நூற்றுப் பதினைந்து வந்தது. அப்படியே நேர் எதிர்ப்பக்கம்! பெட்டிமேல் இருந்த அம்புக்குறியை நம்பி ஒட்டியிருந்தேன். உள்ளே சிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. நூற்றெண்பது டிகிரி திரும்பியிருக்கிறது என்று ஃபர்ம்வேரில் சொன்னதும் மலை தன் இடத்துக்கு வந்தது.

அந்த நேரம் அப்பாவும் காளியப்பன் அண்ணனும் வேலை முடிந்து அந்த வழியாக வந்தார்கள். ட்ரோனை ஏற்றினேன். இரண்டாள் உயரம். ஹோல்ட் போட்டேன்.

நின்றது. ஆணியடித்து மாட்டிய மாதிரி நின்றது. ரிமோட்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினேன்.

"கயிறு இல்லாம நிக்குதுங் மேஸ்திரி" என்றார் காளியப்பன் அண்ணன்.

"காத்தடிச்சா?" என்றார் அப்பா.

காற்று அடித்தது. ட்ரோன் கொஞ்சம் சாய்ந்து, மறுபடி தன் இடத்துக்கே வந்தது. காளியப்பன் அண்ணன் தலையை அண்ணாந்தபடியே கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கெழம என்ற வேலய இது பாக்குமா கண்ணு?"

"ஏறிப் பாக்கற வேலய மட்டும்ண்ணா."

அவர் ட்ரோனுக்கு நேர் கீழே போய் நின்று பார்த்தார். கோபமா, நிம்மதியா, எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து ட்ரோனை அலமாரிமேல் வைத்து, "ஞாயிறு வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது" என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டேன். ஏன் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

4. பத்துக்கு இருபது நிமிஷம்

ஞாயிறு காலை எட்டரைக்கு நஞ்சன்கூடு குடோன் வாசலில் இருந்தோம். அங்கே ட்ரோன் பறக்கலாமா என்று அரசின் வான்வெளி வரைபடத்தில் முன்பே பார்த்துவைத்திருந்தேன். மேனேஜரிடம் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. வாட்ச்மேன் மட்டும், "ஏனம்மா, ஹெலிகாப்டரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.

ஷெட்டிலிருந்து தள்ளி, திறந்த இடத்தில் ஒரு ப்ளைவுட் பலகை போட்டு அதன்மேல் ட்ரோனை வைத்தேன். மூக்கை எங்காவது திருப்பித் திசை சரியா என்று பார்த்திருக்கலாம். வியாழன் அன்று சரியாக இருந்ததே என்ற தைரியம். ஏற்றினேன். கூரைக்கு மேலே போனதும் ஹோல்ட் போட்டேன்.

ஒரு நொடி நின்றது. பிறகு இடப்பக்கம் நழுவியது. பிறகு வட்டம். அடுத்த வட்டம் இன்னும் பெரிது, இன்னும் வேகம். மூன்றாவது வட்டத்தில் தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போனது. ஹோல்டை அணைத்துக் கையால் இழுத்து இறக்கினேன்.

"கள்ளு குடிச்சிருச்சு" என்றார் அப்பா. கேலியாகச் சொல்லவில்லை.

ஷெட்டின் இரும்புச் சட்டங்கள்தான் காரணம் என்று நினைத்தேன். ட்ரோனை இன்னும் தள்ளி, காம்பவுண்டின் கோடிக்கு எடுத்துப்போய்த் தாழ்வாகப் பறக்கவிட்டேன். அங்கேயும் வட்டம். மறுபடி காலிப்ரேஷன் செய்தேன். ஃபர்ம்வேர் ஏற்க மறுத்தது. லேப்டாப்பைத் திறந்து காந்தப்புலத்தின் அளவைப் பார்த்தேன். நானூறை ஒட்டி நிற்கவேண்டிய எண் ஆயிரத்தைத் தாண்டி நின்றது.

பக்கத்தில் எங்கோ காந்தம் இருக்கிறது.

"எல்லாரும் தள்ளிப் போங்க! அப்பா, உங்க பெல்ட்டு. சாவி. போன். ஸ்பேனர்ப் பைய அந்தக் கோடிக்குக் கொண்டுபோங்க!"

எல்லாம் போயிற்று. எண் அசையவில்லை. ட்ரோனை எடுத்துக்கொண்டு காம்பவுண்ட் நெடுக நடந்தேன். இந்தக் கோடி, அந்தக் கோடி, வேப்பமரத்தடி. ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது. மணி பத்தாக இருபது நிமிஷம். காளியப்பன் அண்ணன் ஏணியை ஷெட்டில் சாய்த்து, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் அவசரப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பதற்றமாக இருந்தது.

நடந்துகொண்டே இருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. நான் எங்கே போனாலும் எண் மாறவில்லை என்றால், அந்தக் காந்தம் என்கூடவே வருகிறது.

பாஸ்கர் அண்ணாவின் கண்ணாடி உருண்டையைக் கடன் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அதைத் தரையில் வைத்து, ட்ரோனை அங்குலம் அங்குலமாகப் பக்கத்தில் நகர்த்தினேன். மோட்டார்களில் காந்தம் உண்டு, அருகில் வந்தால் வட்டு கொஞ்சம் ஆடும். ஆடியது. பேட்டரிக்கு அசையவில்லை. கம்பத்தின் உச்சி பக்கத்தில் வந்ததும் வட்டு விர்ரென்று திரும்பி அதையே பார்த்து நின்றது.

காம்பஸ் பெட்டிக்கு நேர் கீழே நான் சுற்றியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப். தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் புடைப்பாக இருந்தது. நகத்தால் பிரித்தேன். உள்ளே பேனாக் கூட்டைச் சுற்றி ஒரு கறுப்புக் கயிறு, கயிற்றில் தேய்ந்து பளபளத்த ஒரு இரும்பு வாஷர்.

"யாரு இத இங்க வெச்சது? யாரு?"

நான் கத்தியது வாட்ச்மேன் கூண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

5. வாஷர்

காளியப்பன் அண்ணன் ஏணியின் முதல் படியில் வைத்த காலை எடுத்துவிட்டு வந்தார்.

"நாந்தான் கட்டுனேன் கண்ணு."

அவரே தொடர்ந்தார். "நேத்து கயிறெடுக்க ஊட்டுக்கு வந்தேன். நீ கடைக்குப் போயிட்டே. தொங்க உட்டா ஃபேன்ல மாட்டும்னு டேப்பைப் பிரிச்சு உள்ள வெச்சு, மறுக்கா உன்ற மாதிரியே சுத்திட்டேன். தெரியாத மாதிரிதான சுத்துனேன்?"

"ஏண்ணா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியும், தெரிந்தும் யோசிக்கவில்லை. அப்பாவின் குழுவில் ஒருவர் முதன்முதலாகக் கூரையில் ஏறும்போது, ஏற்கெனவே ஏறிய ஒருவர் கொக்கிபோல வளைந்த ஜே போல்ட்டின் வாஷர் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவர் இடுப்பில் கட்டிவிடுவார். சாமி பெயர் ஒன்றும் கிடையாது, பூஜை கிடையாது. ஷீட்டைக் கூரையோடு பிடித்துவைக்கிற வாஷர் ஆளையும் பிடித்துவைக்கும் என்று ஒரு எண்ணம். அப்பாவின் இடுப்பிலும் ஒன்று உண்டு. காளியப்பன் அண்ணன் இன்னொன்றும் செய்வார். விழுந்த போல்ட்டுகளைப் பொறுக்க ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் வைத்திருக்கிறார்கள். வேலையில்லாத நாட்களில் தொலைந்துபோகாமலிருக்கத் தன் வாஷரை அந்தக் காந்தத்தில்தான் ஒட்டிவைப்பார். வருஷக்கணக்காக ஒட்டி ஒட்டி, அந்த வாஷரே காந்தமாகிவிட்டது.

"அதுக்கும் இதுதான மொத ஏத்தம்" என்றார் அவர். "எனக்குப் பதுலா போகுது. வெறும் ஒடம்போட எப்படி அனுப்பறது?"

அப்பா கேட்டார்: "புது வாஷர் பையி நெறய கெடக்குதே காளி. உன்றத எதுக்குக் கட்டுனே?"

"அன்னிக்கு என்னயப் புடிச்சது இதானுங் மேஸ்திரி."

அப்போதுதான் அவர் இடுப்பைப் பார்த்தேன். கறுப்புக் கயிறு இருந்தது, வாஷர் இல்லை. நான் தோற்றால் வெறும் இடுப்போடு ஏறுவதென்று நேற்றே முடிவுசெய்துவிட்டுத்தான் கழற்றியிருக்கிறார். நான் கத்திய கத்தல் என் காதிலேயே திரும்ப ஒலித்தது.

"அண்ணா, மன்னிச்சுக்குங்க. உங்க மேல கோவம் இல்ல. அந்தப் பொட்டி இரும்பைக் கண்டா வடக்குன்னு நெனச்சுக்கும்ண்ணா. உங்க வாஷரப் பாத்துட்டு அதுதான் வடக்குன்னு சுத்தியிருக்கு."

அவர் வாஷரைக் கையில் வாங்கி, கண்ணாடி உருண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வட்டு திரும்பியது. தள்ளினார். விலகியது. இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தார். நான் கடையில் செய்த மாதிரியே.

"அட, நாய்க்குட்டியாட்டம் பின்னாலயே வருது" என்றார். பிறகு, "இரும்புதான ஆகாது? தார் வாஷர் ஆகுமா?"

ஜே போல்ட்டில் இரும்பு வாஷருக்குக் கீழே, மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கத் தாரும் துணியும் சேர்ந்த ஒரு கறுப்பு வாஷர் போடுவார்கள். பையிலிருந்து ஒன்றை எடுத்து அவரே உருண்டையின் பக்கத்தில் வைத்தார். வட்டு அசையவில்லை. நாங்கள் மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நெருக்கிவைத்தார். அசையவில்லை.

"தண்ணியத் தடுக்கறது இதுதான்" என்றார் காளியப்பன் அண்ணன். "இரும்பு வாஷர் சும்மா மேல ஒக்காந்துக்கும்."

அவர் தார் வாஷரைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கம்பத்தில் கட்டி, டேப் சுற்றினார். நான் தடுக்கவில்லை. தன் பழைய வாஷரை இடுப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. அப்பா கூரையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "பத்தரை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுபடி காலிப்ரேஷன் செய்யவேண்டும். ட்ரோனை எடுக்கக் குனிந்தேன். "நான் புடிக்கறனே" என்றார் காளியப்பன் அண்ணன். இடுப்பு வாஷர், கத்தி, சட்டைப்பையில் இருந்த நாலைந்து போல்ட், எல்லாவற்றையும் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். "இப்ப என்ற மேல இரும்புன்னு ஒண்ணுமில்ல" என்று கையை விரித்துக் காட்டினார். நான் சொல்லச் சொல்ல, ட்ரோனை இரண்டு கையிலும் ஏந்தி, குப்புற, மல்லாக்க, இடது, வலது என்று திருப்பினார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதமாக. ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. எண் நானூற்றுப் பத்து. நஞ்சன்கூட்டில் சாமுண்டி மலை எந்தப் பக்கம் என்று தெரியாததால், வடக்குக்குக் கண்ணாடி உருண்டையையே சாட்சி வைத்தேன். திரையும் உருண்டையும் ஒரே பேச்சைப் பேசின.

ஏற்றினேன். ஹோல்ட் போட்டேன்.

நின்றது.

6. அவர் பார்த்ததும் நான் பார்க்காததும்

படம் போனில் வந்தது. எனக்கு எல்லா ஷீட்டும் ஒரே மாதிரித் தெரிந்தது. சாம்பல் நிறம், பாசி, கோடுகள். கோடுகளையெல்லாம் விரிசல் என்று குறிக்கத் தொடங்கினேன்.

"அது பாசி காஞ்ச கோடு, உடு. ஆ, இங்க நிறுத்து. இன்னும் கொஞ்சம் கீழ. பாத்தியா, மேடு வழியா ஓடுது, பள்ளத்துல நிக்குது. இது விரிசல். ஏழாவது வரிசை, மூணாவது ஷீட்டு. எழுதிக்கோ."

அவர் சொல்லச் சொல்ல அப்பா எழுதினார். ஓரிடத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஏணி சாய்த்திருந்த இடத்துக்கு நேர் மேலே, கூரை தொடங்கும் வரிசை. நாலு போல்ட்டில் இரண்டுக்குத் தலையே இல்லை. துரு மட்டும் கண்ணீர் மாதிரி வழிந்திருந்தது.

"இந்த வழியாத்தான் நா கால் வெப்பேன்" என்றார்.

அப்பா அதையும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்துபோய் ஏணியை எடுத்துக் கீழே படுக்கப்போட்டார்.

பேட்டரி நாலு மாற்றினோம். பதினொன்றரைக்குப் பட்டியல் தயார். அன்று யாரும் கூரையில் ஏறவில்லை.

இதைப் படித்துவிட்டு, ட்ரோன் வந்தால் ஆள் ஏறவேண்டியதில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். அடுத்த வாரம் ஷீட் மாற்றக் காளியப்பன் அண்ணன்தான் ஏறினார். ஆனால் எங்கே பலகை ஊன்றலாம், எங்கே ஊன்றக்கூடாது என்பது ஏறுவதற்கு முன்பே அவர் கையில் காகிதமாக இருந்தது. வேறு ஏதும் பெருமை இந்தக் கதையில் எனக்கு இல்லை. நான் கற்றது இரண்டு. வெளிக் காம்பஸ் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. ஒவ்வொரு தடவையும் பறப்பதற்கு முன் திசையைச் சரிபார். இன்னொன்று, "தொடாதே" என்று சொன்னால் போதாது. என் கூட இருப்பவர்களுக்கு அந்த மிஷின் மேல் அக்கறை இருக்கும். அக்கறை இருக்கிறவர்கள் தொடுவார்கள். எது ஆகாது, ஏன் ஆகாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், காளியப்பன் அண்ணன் சனிக்கிழமையே தார் வாஷரைக் கண்டுபிடித்திருப்பார்.

இப்போது அடுத்த தொல்லை. மழை விட்டதும் அப்பாவுக்கு ஒரு தகர ஷீட் கூரை வருகிறது. முழுக்க இரும்பு. அதற்கு மேல் தாழ்வாகப் பறந்தால் பேனாக் கூட்டின் உச்சியில் இருக்கிற காம்பஸும் குழம்பிவிடும். காம்பஸே இல்லாமல் மூக்கின் திசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் இரண்டு ஜிபிஎஸ் ஆண்டெனா வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணக்குப் போடுவது. எல்லாம் சேர்ந்து இருநூற்று ஐம்பது கிராமுக்குள் நிற்குமா என்பதுதான் தெரியவில்லை; அதைத் தாண்டினால் வேலைக்கு ஓட்ட லைசென்ஸ் வேண்டும். பாஸ்கர் அண்ணாவின் கடைத் தராசில் தினமும் ஏதாவது ஒன்றைக் கழற்றி நிறுத்துக்கொண்டிருக்கிறேன். அவர், "உன்னையும் ஏத்தி நிறுத்துப் பாரு, சாப்பிடாம எளச்சுப் போயிட்ட" என்கிறார்.

குச்சிக்கு மூங்கில்தான். காளியப்பன் அண்ணன் சீவி, மணல்தாள் போட்டுத் தேய்த்து நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். தென்னங்குச்சி அளவுதான் தடிமன், ஆனால் வளையவில்லை. இரண்டு முனையிலும் ஏற்கெனவே தார் வாஷர் கட்டியிருந்தது. நிறுத்துப் பார்த்தேன்: இரண்டும் சேர்ந்து மூன்று கிராம். வேறு எங்கேயாவது மூன்று கிராம் குறைக்கவேண்டும். வருகிற ஞாயிறு, வீட்டுக்குப் பின்னால் காலி மனையில், முதல் ஏற்றம்.